குறை கம்பியில் இல்லை



இந்த வாரச் சிந்தனை ஒரு மின்கிட்டாரைப் பற்றியது. இது வாலிபருக்கு உரியது என்று எண்ணி மூத்தோர் யாரும் கடந்துபோய்விட வேண்டாம். கிட்டாரைத் தொட்டுப் பார்த்திராதவர்களுக்கும் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன். இதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அது என்னவென்று பின்னர் சொல்கிறேன்.

என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சனிக்கிழமைகளில் சிறு பிள்ளைகளுக்குக் கீபோர்டு கற்றுக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் அண்மையில் ஒரு மின்கிட்டார் வாங்கினான். அட்டைப்பெட்டி வந்து இறங்கிய அன்று அதைத் தன் அறைக்குள் எடுத்துச்சென்று கதவைச் சாத்திக்கொண்டான். என்னிடம் காட்டவில்லை. காட்டாததற்குக் காரணம் இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு ஆராதனையில் கீழ்ப்படிதலைப் பற்றி நான் பிரசங்கித்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். அன்று எடுத்துக்காட்டாக என் மகனைச் சொன்னேன். தேர்வில் அவன் இரண்டு பாடங்களில் தவறியதையும், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் கிட்டார் வாசித்ததையும் வேடிக்கையாக விவரித்தேன். சபை சிரித்தது. அவன் இசைக்குழுவோடு மேடையின் ஓரத்தில் அமர்ந்திருந்தான். ஆராதனையின் கடைசிப் பாடலைத் தவறின்றி வாசித்து முடித்தான். அடுத்த ஞாயிறு முதல் இசைக்குழுவுக்கு வரவில்லை. உங்களில் சிலர் விசாரித்தபோது, "படிப்புச் சுமை" என்று பதில் சொன்னேன். அது உண்மையன்று.

அதன்பின் பத்து மாதங்கள் எங்கள் வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை, பேச்சும் இல்லை. நான் சொல்ல வேண்டியதை அவன் தாயிடம் சொல்வேன். அவன் கேட்க வேண்டியதையும் தாயிடமே கேட்பான். சாப்பாட்டு மேசையில் இருவருக்கும் நடுவே அவள் அமர்ந்திருப்பாள். வீடு அமைதியாக இருக்கிறது என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிட்டார் வந்த பிறகு மூன்று இரவுகள் அவனுடைய அறையிலிருந்து ஒரே ஓசை கேட்டது. கம்பியை மீட்டுவான்; சுருதி சேர்ப்பான்; மீண்டும் மீட்டுவான்; சுருதி கலைந்திருக்கும். பாட்டாக ஒன்றும் வரவில்லை. மூன்றாம் இரவு கதவைத் தட்டினேன்.

கட்டிலின்மேல் கிட்டார் கிடந்தது. அதன் அமைப்பை உங்களுக்குச் சற்று விளக்க வேண்டும். சாதாரண கிட்டாரில் கம்பிகளின் ஒரு முனையைத் தாங்கும் பிரிட்ஜ் மரத்தோடு மரமாக ஒட்டியிருக்கும், அசையாது. இந்தக் கிட்டாரிலோ அந்தப் பிரிட்ஜ் ஓர் உலோகத் தகடு. கிட்டாரின் உடலில் பதித்த இரண்டு சிறு தூண்களின்மேல், கத்திமுனை போன்ற தன் விளிம்பை ஊன்றி நிற்கிறது. ஆறு கம்பிகள் அதை முன்புறமாக இழுக்கின்றன. கிட்டாரின் முதுகில் குடைந்த பள்ளத்துக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் அதை எதிர்த்திசையில் இழுக்கின்றன. இரண்டு இழுவிசைகளும் சமமாக இருக்கும்போது தகடு எதிலும் படியாமல் மிதக்கிறது. தகட்டோடு பொருத்திய கைப்பிடியை அமுக்கினால் சுருதி இறங்கும். மேலே தூக்கினால் ஏறும். கையை விட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும். திரும்ப வேண்டும் என்பதே நோக்கம்.

இவ்வகை அமைப்புகளில் புகழ்பெற்ற ஒன்றை அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் 1954-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரோடு வெளியிட்டார். அதற்கு அவர் 'ட்ரெமலோ' என்று பெயரிட்டார். இசையறிந்தோர் வழக்கில் ட்ரெமலோ என்பது ஒலியின் அளவு கூடிக் குறைவதைக் குறிக்கும். சுருதி ஏறி இறங்குவதற்கு 'விப்ராட்டோ' என்பதே பெயர். ஆயினும் தவறான பெயரே நிலைத்துவிட்டது. லியோ ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பதும் பலரும் அறிந்த செய்தி. அவருடைய அமைப்பில் ஒரு குறை இருந்தது. கைப்பிடியை வேகமாக அசைத்தால் கம்பிகள் கழுத்தின் மேல்முனையில் உள்ள நட்டில் வழுக்கி, பழைய இடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடும். ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்க இசைக்கலைஞர் 1970-களின் பிற்பகுதியில் கம்பிகளை நட்டிலேயே இறுகப் பூட்டிவிடும் முறையைக் கண்டுபிடித்தார். 1979-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எட்டி வான் ஹேலன் போன்ற கலைஞர்கள் அதை ஏற்றுக்கொண்டதால் அது உலகெங்கும் பரவிற்று. என் மகன் வாங்கியதும் அந்த வகையே.

அவனுடைய சிக்கல் இதுதான். கிட்டாரோடு வந்தவை 9 எண் கம்பிகள். அதாவது, அவற்றுள் மெல்லிய கம்பியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 9 பங்கு. ஓசை கனமாக இருக்க வேண்டும் என்று அவன் 10 எண் கம்பிகளை மாட்டியிருந்தான். ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. ஆனால், 9 எண் கம்பிகள் ஆறும் சேர்ந்து பிரிட்ஜை இழுக்கும் விசை ஏறத்தாழ 38 கிலோ. 10 எண் கம்பிகளுக்கோ அது ஏறத்தாழ 47 கிலோ. ஒரு சிமெண்டு மூட்டைக்குச் சற்றே குறைவு. முதுகில் இருந்த மூன்று ஸ்பிரிங்குகள் பழைய விசைக்கு ஏற்றபடியே கிடந்தன. ஆகவே பிரிட்ஜ் முன்னோக்கிச் சாய்ந்து, திறந்த பெட்டியின் மூடிபோல எழும்பி நின்றது. அழுத்த முடியாத உயரத்துக்குக் கம்பிகள் போயிருந்தன.

இறையியல் கல்லூரியில் படித்த காலத்தில் நான் ஸ்பானிஷ் கிட்டார் வாசித்தவன். எனவே எனக்குத் தெரியும் என்ற நினைப்போடு அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த கிட்டாரில் ஒரு கம்பி இறங்கினால் அதன் முறுக்காணியைத் திருகினால் போதும். தடித்த ஆறாம் கம்பி இறங்கியிருந்தது, முறுக்கினேன். சரியாயிற்று. ஐந்தாவதை முறுக்கினேன், ஆறாவது இறங்கியது. மறுபடியும் ஆறாவதை முறுக்கினேன், ஐந்தாவது இறங்கியது. மெல்லிய கம்பிகளுக்கு வந்தபோது முதலில் சேர்த்தவை எல்லாமே கலைந்திருந்தன. எனக்குக் கோபம் வந்தது. திரும்பத் திரும்ப ஆறாம் கம்பியையே பிடித்து முறுக்கினேன். இப்படி அரைமணி நேரம் போயிற்று.

மகன் அதுவரை வாய் திறக்கவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்:

"அப்பா, அந்த ஒரு கம்பியையே பிடிச்சு முறுக்கிட்டு இருக்கீங்க. குறை அதுல இல்ல. திருப்பிப் பாருங்க."

கிட்டாரைத் திருப்பி, முதுகில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான். உள்ளே ஸ்பிரிங்குகள் விறைத்துக் கிடந்தன. அவை ஓர் உலோகக் கொக்கியில் மாட்டப்பட்டிருந்தன. கொக்கியை இரண்டு நீண்ட ஸ்க்ரூக்கள் மரத்தோடு பிணைத்திருந்தன. வாசிப்பவரும் கேட்பவரும் ஒருநாளும் பார்க்காத இடம் அது. முன்னால் நிற்கும் ஆறு கம்பிகளின் சுருதியையும் அந்த இடமே தாங்குகிறது.

அன்பானவர்களே, அவன் கிட்டாரைப் பற்றித்தான் பேசினான். ஆனால் பத்து மாதங்களாக நான் வீட்டில் செய்துகொண்டிருந்ததும் அதுவே என்று எனக்கு அப்போது உறைத்தது.

இனி, அன்றிரவு செய்ததைச் சொல்கிறேன். அவன் ஒரு மரத்துண்டைச் சீவி எடுத்தான். பிரிட்ஜின் அடியில் கனமான உலோகக் கட்டி ஒன்று பள்ளத்துக்குள் தொங்குகிறது. அதற்கும் பள்ளத்தின் பின்சுவருக்கும் இடையில் மரத்துண்டைச் செருகினான். இப்போது பிரிட்ஜ் முன்னோக்கிச் சாய வழியில்லை, மட்டமாக நின்றது. கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுருதி சேர்த்தோம். கட்டை தாங்கிக்கொண்டிருந்தவரை ஒரு கம்பி இன்னொன்றைக் கலைக்கவில்லை. பார்ப்பவர்கள் வேலை முடிந்தது என்றே நினைப்பார்கள். ஆனால் அது சமநிலையன்று. இழுவிசையில் இருந்த குறைவு முழுவதையும் ஒரு மரத்துண்டு சுமந்துகொண்டிருந்தது.

மூன்று ஸ்பிரிங்குகள் போதவில்லை. பெட்டியில் கிடந்த நான்காவதையும் மாட்டினான். பிறகு, கொக்கியின் ஸ்க்ரூக்களை ஒரு பக்கம் அரைத் திருகு, மறுபக்கம் அரைத் திருகு என்று மாற்றி மாற்றி இறுக்கினான். நான் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இருவருடைய கண்களும் அந்தப் பள்ளத்திலேயே இருந்தன. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆகையால் எனக்குத் துணிவு வந்தது.

"அன்னைக்கு மேடையில உன்னைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு என்னோடது" என்றேன்.

அவன் கை நின்றது. உடனே மன்னித்துவிட்டான் என்று எழுதத்தான் எனக்கு விருப்பம். ஆனால் அவன் சொன்னது இது: "சிரிச்சவங்க முகம் எல்லாம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

சற்றுநேரம் கழித்து, "டார்ச்சைக் கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டுங்கப்பா" என்றான்.

காட்டினேன். இன்னும் சில திருகுகள். பிறகு அவன் கிட்டாரை நிமிர்த்தியபோது மரத்துண்டு தானாகக் கழன்று தரையில் விழுந்தது. ஸ்பிரிங்குகள் தங்கள் பங்கைச் சுமக்கத் தொடங்கிவிட்டன. கட்டைக்கு அங்கே வேலையில்லாமல் போயிற்று. பக்கவாட்டிலிருந்து பார்த்தோம். பிரிட்ஜ் கிட்டாரின் மேற்பரப்புக்கு இணையாக, எதையும் தொடாமல் நின்றது.

விழுந்த கட்டையைக் கையில் எடுத்தபோது என் மனைவியின் நினைவு வந்தது. எனக்கும் மகனுக்கும் நடுவே பத்து மாதங்களாகச் செருகப்பட்டிருந்தவள் அவள். இரு பக்கத்துப் பாரத்தையும் அவள் தாங்கியதால்தான் வீடு மட்டமாகத் தெரிந்தது. அதற்கு நான் அமைதி என்று பெயரிட்டிருந்தேன்.

மீதி வேலைகள் மறுநாள் மாலை நடந்தன. கிட்டாரின் கழுத்துக்குள் ஓர் எஃகுத் தண்டு ஓடுகிறது. கம்பிகளின் இழுப்பால் கழுத்து வளைந்துவிடாமல் அது காக்கிறது. ஆறாம் கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திக்கொண்டு நடுவில் பார்த்தால், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். எங்களுக்கு அது கூடுதலாக இருந்தது. கால் திருகு மட்டும் இறுக்கினான். பிறகு, 12-ஆம் ஃபிரெட்டில் கம்பிகளின் உயரத்தைத் தடித்த பக்கம் 2 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில் வைத்தான். ஒவ்வொரு கம்பியும் 12-ஆம் ஃபிரெட்டில் அழுத்தும்போது, திறந்த கம்பியின் சுருதியைவிடச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க வேண்டும். கூடினால் கம்பி தங்கும் சிறு இருக்கையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், குறைந்தால் முன்னுக்கு. இதைச் செய்யக் கம்பியைத் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் மற்ற ஐந்தும் கலையும். மறுபடியும் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும். ஆறு கம்பிகளுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆயிற்று.

கட்டை இல்லாமல் சுருதி சேர்க்கும் முறையையும் அவனிடம் கற்றுக்கொண்டேன். முதல் சுற்றிலேயே எந்தக் கம்பியையும் துல்லியமாக நிறுத்த முயலக் கூடாது. ஒவ்வொன்றையும் ஏறத்தாழச் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டாம் சுற்றில் கலைவு குறையும்; மூன்றாம் சுற்றில் இன்னும் குறையும். ஐந்தாறு சுற்றுகளில் எல்லாம் ஓரிடத்தில் வந்து நிற்கும். புதிய கம்பிகளைக் கையால் மெல்ல இழுத்துவிட்டு மேலும் ஒருமுறை சேர்க்க வேண்டும். அதன் பிறகே நட்டில் உள்ள மூன்று பூட்டுகளை ஆலன் கீயால் இறுக்கலாம். ஒவ்வொரு பூட்டும் இரண்டு கம்பிகளைப் பிடிக்கும். பூட்டிய பின் மேல்முனை முறுக்காணிகள் பயன்படா. சிறு திருத்தங்களுக்கு மட்டும் பிரிட்ஜில் சிறிய திருகுகள் உண்டு. முன்னதாகவே அவற்றைப் பாதி அளவில் நிறுத்தி வைத்திருந்தால்தான் பிறகு இருபுறமும் திருப்ப இடமிருக்கும். பூட்டு என்பது சேர்ந்த சுருதியைக் காப்பதற்கு. கலைந்திருக்கும்போது பூட்டினால் அது கலைவையே காக்கும்.

சபையாரே, ஒரு கருவியை மனிதருக்கு உவமையாக்குவதில் ஆபத்து உண்டு. பிள்ளைகள் நாம் முறுக்குவதற்கான கம்பிகள் அல்லர். அவ்வாறு நான் எண்ணியதாலேயே இத்தனையும் நேர்ந்தது. ஆகவே என் மகனைப் பற்றி அல்ல, அந்த முதுகுப்பள்ளத்தில் என்னைப் பற்றி நான் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

அவன் தேர்வில் தவறியபோது எனக்கு ஏற்பட்டது அவனைப் பற்றிய கவலை என்று நினைத்திருந்தேன். பாதி அப்படித்தான். மறுபாதி, "போதகர் மகனே இப்படியா?" என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்ற அச்சம். நீங்கள் கேட்குமுன் நானே சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டால் எனக்கு வலிக்காது. அதற்காகவே மேடையில் அவனைப் பயன்படுத்தினேன். யாரும் பார்க்காத அந்த அச்சமே என்னைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. அதைத் தொடாமல் கம்பியையே முறுக்கினேன்: நேரத்துக்கு எழுந்திரு, கைப்பேசியை வை, கிட்டாரை மூடு. ஒவ்வொரு முறுக்குக்கும் வீட்டில் வேறொன்று கலைந்தது. அவன் தங்கை என்னிடம் மதிப்பெண்களைக் காட்டவே தயங்கினாள். மனைவி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவற்றையும் நான் தனித்தனிக் குறைகளாகவே கண்டேன்.

இந்தக் கிட்டாரில் இன்னொன்றும் உண்டு. வாசிக்கும்போது ஒரு கம்பி அறுந்துவிட்டால், பிரிட்ஜ் நிலையான கிட்டாரில் மற்ற ஐந்தும் ஏறத்தாழச் சுருதியிலேயே நிற்கும். பாடலை எப்படியாவது முடித்துவிடலாம். இதில் அது நடக்காது. ஒன்று அறுந்த கணமே ஸ்பிரிங்குகள் பிரிட்ஜைப் பின்னுக்கு இழுக்க, மற்ற ஐந்தின் சுருதியும் ஏறிவிடும். அவன் இசைக்குழுவிலிருந்து விலகிய பிறகு, "ஒருவன் போனால் என்ன, ஆராதனை நடக்கிறதே" என்று நான் ஒருமுறை சொன்னதுண்டு. நம்முடைய ஆராதனை எந்த வகைக் கிட்டாரைப் போன்றது என்று இப்போது யோசிக்கிறேன்.

இனி உங்கள் பங்கு. இதை வெளியிடுமுன் முழுவதையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். சென்ற முறை நான் கேட்கவில்லை, இம்முறை கேட்டேன். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னான்; நீக்கிவிட்டேன். "மீதி இருக்கட்டும்" என்றான். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அவனைக் காணும்போது தேர்வைப் பற்றியோ, இந்தக் கட்டுரையைப் பற்றியோ கேட்காதீர்கள். இசைக்குழுவுக்கு எப்போது திரும்புவாய் என்றும் கேட்க வேண்டாம். நானும் இன்னும் கேட்கவில்லை. பேச விரும்பினால், 10 எண் கம்பி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நிறையப் பேசுவான்.

அன்று நீங்கள் சிரித்தது உங்கள் குற்றமன்று. சிரிக்கும்படி சொன்னவன் நான். அந்தப் பிரசங்கத்துக்காக உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். என் பிள்ளைகளையோ உங்கள் பிள்ளைகளையோ அவர்களுடைய அனுமதியின்றி இனி மேடையில் எடுத்துக்காட்டாக்க மாட்டேன்.

இந்த வாரம் நீங்கள் சிந்திக்க மூன்று கேள்விகள். உங்கள் வீட்டில் நீங்கள் திரும்பத் திரும்ப முறுக்கும் அந்த ஒரு கம்பி எது? அதைத் திருப்பிப் பார்த்தால், பின்னால் இழுத்துக்கொண்டிருப்பது உங்களுடைய எந்த அச்சம், எந்தப் பெருமை? இருவருக்கு நடுவே செருகப்பட்டு, ஓசையின்றிப் பாரம் சுமப்பவர் உங்கள் வீட்டில் யார்? மூன்றாம் கேள்விக்கு விடை கிடைத்தால், முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே இரவில் சேர்த்துவிட முயலாதீர்கள். ஏறத்தாழச் சேர்த்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்; மீண்டும் வாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது இரண்டாம் சுற்று நடக்கிறது. நேற்று இரவு உணவின்போது மகன் குழம்புப் பாத்திரத்தை என்னிடமே கேட்டான்.

எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். உங்கள் இல்லங்களில் சமாதானம் நிலைத்திருப்பதாக.